காது, கை, அப்புறம்தான் கருவி: நெல்லைச் சீமையில் இசை கற்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முப்பத்தெட்டு வயதில் எனக்கு இசை கற்கும் ஆசை வந்தது. வந்த வேகத்தில் கைப்பேசியிலேயே ஒரு வயலினுக்கு ஆர்டர் போட்டேன். பெட்டியைத் திறந்தபோது பளபளவென்று இருந்தது. ஆணியைத் திருகினால் தந்தி ஏறும், கையை எடுத்தால் இறங்கிவிடும். நான்கு நாள் மல்லுக்கட்டிவிட்டு, தெருக்கோடியில் இருக்கிற நாகசுரக்கார அண்ணாச்சியிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வயலினைத் தொடக்கூட இல்லை.

"ஏய்யா, உன் சுருதி எத்தன கட்டை?"

"தெரியாது அண்ணாச்சி."

"அது தெரியாமயா இத வாங்குன? அளவு தெரியாம சட்டை எடுத்த கதைல்லா இருக்கு. முதல்ல காதத் தீட்டு. பொறவு கை. கருவி எங்கயும் ஓடிப் போயிராது."

அதன் பிறகு அவர் சொன்ன வரிசையில்தான் கற்றேன்: காது, கை, சுரம், ராகம், கடைசியில் கருவி. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது. சபாக்கள் நிறைந்த ஊர் இல்லையே, இங்கே இருந்துகொண்டு எப்படிக் கற்பது என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கோயிலும், கொடை என்கிற கோயில் திருவிழாவும் இருக்கிற ஊரில் ஆரம்பப் பாடத்துக்குப் பஞ்சம் கிடையாது.

முதல் படி: உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள்

சுருதி என்பது நீங்கள் பாட்டுக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளும் ஒலி. அதுதான் உங்கள் 'ச'. மற்ற சுரங்கள் எல்லாம் அதிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. 'ச' எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று கர்நாடக இசையில் சட்டம் எதுவும் இல்லை, அவரவர் தொண்டைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். அதை அளக்கும் சொல்தான் கட்டை. ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டையை 'ச'வாக வைத்தால் ஒரு கட்டை, இரண்டாம் வெள்ளை என்றால் இரண்டு கட்டை, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கிற கறுப்பு இரண்டரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பே கிடையாது, அதனால் மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். பொதுவாக ஆண்கள் ஒன்றிலிருந்து இரண்டரைக்குள்ளும், பெண்கள் நாலரையிலிருந்து ஆறுக்குள்ளும் பாடுவார்கள்.

உங்கள் கட்டையைப் பிடிக்க இப்படிச் செய்யுங்கள். கைப்பேசியில் ஒரு தம்புரா ஆப் இறக்கிக்கொள்ளுங்கள். இலவசமாகவே கிடைக்கும். ஆண் என்றால் ஒரு கட்டையில், பெண் என்றால் ஐந்தில் ஓடவிட்டு, 'ச' பாடி அதனோடு சேருங்கள். அங்கிருந்து கீழே இறங்கிக் கீழ் ஸ்தாயி (ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரை உள்ள அடுக்குதான் ஸ்தாயி) 'ப'வைத் தொடுங்கள். பிறகு மேலே ஏறி, மேல் 'ச'வைத் தாண்டி மேல் 'ப' வரை போய்ப் பாருங்கள். கீழே போகும்போது குரல் வெறும் காற்றாகக் கரைந்தால் அரைக் கட்டை ஏற்றுங்கள். மேலே போகும்போது கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள். விடிகாலையில் குரல் கனத்து, தணிந்து இருக்கும். அதனால் நான்கைந்து நாள் வெவ்வேறு நேரத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முடிவு செய்தபின் பிடித்த பாடகரின் கட்டைக்கு ஆசைப்பட்டு மாற்ற வேண்டாம்.

கட்டை தெரிந்துவிட்டதா, இனி ஒரு மாதத்துக்கு ஒரே வேலைதான். காலையில் பதினைந்து நிமிடம் தம்புராவை ஓடவிட்டு, அகாரத்தில், அதாவது 'ஆ' என்று, 'ச' மட்டும், மூச்சு முடியும்வரை, ஆட்டம் இல்லாமல் பாட வேண்டும். முதல் வாரம் எனக்குக் கொட்டாவி வந்தது. இரண்டாம் வாரம் ஒன்று புரிந்தது. குரல் தம்புராவோடு சரியாகச் சேரும் கணத்தில் நம் குரலே நம் காதிலிருந்து காணாமல் போகும். கொஞ்சம் விலகினாலும் இரண்டு ஒலிகளும் உரசி, 'வவ்வவ்' என்று ஓர் அதிர்வு கேட்கும். அந்த அதிர்வு நின்று போகும் இடம்தான் சுருதி.

தம்புராவுக்கு நான்கு தந்தி: ப, ச, ச, கீழ் ச. இந்த வரிசையில்தான் மீட்டுவார்கள். தந்திக்கும் அதைத் தாங்குகிற குதிரை என்னும் துண்டுக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகி, முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்துவார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். சரியான இடத்தில் நூல் நின்றதும் தந்தி ரீங்கரிக்கத் தொடங்கும். நன்றாகச் சேர்ந்த தம்புராவில், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம், அதாவது 'க', தானாகக் கேட்கும். ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். எனக்கு அது கேட்க எட்டு மாதம் ஆனது.

நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்து இசைத் தூண்களை இந்தக் காதோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். பெரிய தூணைச் சுற்றிச் சிறு தூண்கள், எல்லாம் ஒரே கல்லில் குடைந்தவை. ஒவ்வொன்றின் ஒலியும் வேறு. தந்தியின் நீளமும் இறுக்கமும் ஒலியின் உயரத்தை மாற்றுவதுபோலக் கல்லின் பருமனும் நீளமும் மாற்றும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. தயவுசெய்து தட்டாதீர்கள். ஆளுக்கொரு தட்டு தட்டித் தட்டியே தேய்ந்த தூண்கள் அங்கே இருக்கின்றன. ஆழ்வார்திருநகரிக் கோயிலில் கல்லிலேயே செய்த நாகசுரம் ஒன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் அதையும் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் படி: கை தாளத்துக்குப் பழக வேண்டும்

முதலில், மேளம் கொட்டும்போது கேட்கும் சொற்கள். எண்ணிக்கையை வைத்து இவை ஐந்து வகை.

மூன்று: தகிட
நான்கு: தகதிமி
ஐந்து: தகதகிட
ஏழு: தகிட தகதிமி
ஒன்பது: தகதிமி தகதகிட

இவற்றுக்குத் திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று பெயர். பெயரை அப்புறம் மனப்பாடம் செய்துகொள்ளலாம். நடந்துகொண்டே வாயால் சொல்லுங்கள். தகதிமியில் ஒவ்வொரு 'த'வும் எப்போதும் ஒரே காலில் விழும். தகிடவில் 'த' கால் மாறி மாறி விழும். இந்த வித்தியாசம் உடம்புக்குப் புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

அடுத்தது ஆதி தாளம். மொத்தம் எட்டு எண்ணிக்கை. வலது கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அதோடு நான்கு முடிந்தது. இது லகு. அப்புறம் ஒரு தட்டு, ஒரு வீச்சு. மறுபடியும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. வீச்சு என்பது உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்புவது. இந்த இரண்டும் திருதம். நான்கும் இரண்டும் இரண்டும் சேர்ந்து எட்டு, இதுதான் ஓர் ஆவர்த்தனம். ஏட்டில் இதன் முழுப்பெயர் சதுஸ்ர ஜாதி திரிபுட தாளம். துருவம், மட்யம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்று ஏழு தாளம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜாதி (லகுவின் நீளம், மேலே சொன்ன அதே மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது), ஆக முப்பத்தைந்து. பயப்பட வேண்டாம். ஆதி, ரூபகம், மிஸ்ர சாப்பு, கண்ட சாப்பு இந்த நான்கும் வந்துவிட்டால் கச்சேரியில் பெரும்பாலான உருப்படிகளுக்கு, அதாவது பாட்டுகளுக்கு, கை போட்டுவிடலாம்.

இதை எங்கே பழகுவது? என் வாத்தியார் என்னைச் சபாவுக்கு அனுப்பவில்லை, சுடலைமாடன் கோயில் கொடைக்கு அனுப்பினார். நம் பக்கத்தில் கொடை என்றால் கணியான் ஆட்டமும் வில்லுப்பாட்டும் இருக்கும். கணியான் ஆட்டத்தில் மகுடம் என்கிற பறை இரண்டு, உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. அடிக்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே போய் உட்காருங்கள். பந்தலுக்குப் பின்பக்கம் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, மகுடத்தைத் தீயில் காட்டி வாட்டுவார்கள். கொஞ்சம் வாட்டுவது, ஒரு தட்டு, காதைச் சாய்த்துக் கேட்பது, மறுபடியும் வாட்டுவது. சூடு ஏற ஏறத் தோல் இறுகும், ஒலி மேலே போகும். பத்து நிமிடத்தில் 'தொப்' என்று இருந்தது 'டங்' என்று ஆகும். சுருதி சேர்ப்பது என்றால் என்ன என்று எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

வில்லுப்பாட்டில் கவனிக்க வேண்டியது வேறு. மணிகள் கட்டிய நீளமான வில், அதன் மேல் அடிக்க வீசுகோல்கள், வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடம், உடுக்கை, ஜால்ரா, தட்டுகிற மரக்கட்டை. பாடுகிறவர் கதையை நிறுத்திப் பேசும்போதும் குடக்காரரின் கை உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கும். பேச்சு முடிந்து பாட்டு எடுக்கிற இடத்தில் எல்லாரும் ஒன்றாக விழுவார்கள். அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். மேடைக் கச்சேரியிலும் மிருதங்கக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது இந்த எடுப்புக்காகத்தான். நாட்டார் இசை வேறு, சாஸ்திரிய இசை வேறு என்று தனித்தனிப் பெட்டியில் வைத்துப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. கச்சேரியின் பிற்பகுதியில் பாடகர் காவடிச்சிந்து எடுப்பாரே, அதன் ஊர் எது? சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளம். அந்த ஊர் அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகன் மேல் பாடியது. காவடி தூக்குகிறவன் கால் வைக்கிற நடைதான் அதன் தாளம்.

மூன்றாம் படி: ஏழு சுரம், ஒரு ராகம், நிறையப் பொறுமை

ச ரி க ம ப த நி. பழந்தமிழில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவற்றில் 'ச'வும் 'ப'வும் அசையாதவை. மற்ற ஐந்துக்கும் உயரத்தில் வகைகள் உண்டு. மொத்தம் பன்னிரண்டு இடங்கள், அவற்றுக்குப் பதினாறு பெயர்கள். சில இடங்களுக்கு இரண்டு பெயர் இருப்பதால் வந்த கணக்கு அது. இந்த இடங்களை ஒழுங்காக அடுக்கி எழுபத்திரண்டு மேளம் (தாய் ராகம்) என்று பதினேழாம் நூற்றாண்டில் வகுத்தவர் வேங்கடமகி. இப்போதைக்கு உங்களுக்கு அதில் ஒன்று போதும், பதினைந்தாவது மேளமான மாயாமாளவகௌளை.

ஆர்மோனியத்தில் ஒரு கட்டையில் தேடினால் இப்படி வரும்: முதல் வெள்ளை, அதை ஒட்டிய கறுப்பு, மூன்றாம் வெள்ளை, நான்காம் வெள்ளை, ஐந்தாம் வெள்ளை, அதை ஒட்டிய கறுப்பு, ஏழாம் வெள்ளை, மேல் 'ச'. ச-ரி நெருக்கம், ரி-க அகலம், க-ம நெருக்கம். 'ப'வுக்கு மேலேயும் அதே கதைதான்: நெருக்கம், அகலம், நெருக்கம். கீழ்ப்பாதியைக் கற்றால் மேற்பாதியும் வந்துவிடும். பாடம் தொடங்க இந்த ராகத்தை வைத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. தேவாரத்தில் ராகத்துக்குப் பண் என்று பெயர். அதில் இந்தளம் என்கிற பண்ணை இன்று ஓதுவார்கள் இதே ராகத்தில்தான் பாடுகிறார்கள். ஆகவே பாடம் தொடங்கும் முன்னமே நம்மில் பலர் இதைக் கோயிலில் கேட்டிருப்போம்.

முதல் சரளி வரிசை: ச ரி க ம, ப த, நி ச. திரும்பி ச நி த ப, ம க, ரி ச. எப்படிப் பிரித்திருக்கிறது பாருங்கள், நான்கு, இரண்டு, இரண்டு. ஆதி தாளமேதான். ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம் என்றால் முதல் காலம். ஏறி இறங்க இரண்டு ஆவர்த்தனம் பிடிக்கும். இரண்டாம் காலத்தில் எண்ணிக்கைக்கு இரண்டு சுரம், ஒரே ஆவர்த்தனத்தில் ஏறி இறங்கிவிடலாம். மூன்றாம் காலத்தில் நான்கு சுரம், ஓர் ஆவர்த்தனத்துக்குள் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். கையின் வேகம் மூன்றிலும் மாறவே கூடாது. எல்லாரும் தவறுவது இங்கேதான். வாய் வேகமானால் கையும் கூடவே ஓடும். அதற்கு அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். மூன்றாம் காலம் பாடிவிட்டு, நிறுத்தாமல் முதல் காலத்துக்குத் திரும்பி வர வேண்டும். கை ஓடியிருந்தால் அப்போது காட்டிக்கொடுத்துவிடும்.

சரளிக்குப் பிறகு ஜண்டை வரிசை (சச ரிரி கக என்று இரட்டை), தாட்டு வரிசை, மேல்ஸ்தாயி, கீழ்ஸ்தாயி வரிசைகள், ஏழு தாளத்திலும் அலங்காரம், பிறகு மலகரி ராகத்தில் கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கீர்த்தனை. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு வர்ணத்தைத் தொட இரண்டு வருடம் ஆகலாம். ஆறே மாதத்தில் கீர்த்தனை கற்றுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பாட்டு வரும், சுருதி வராது.

நான்காம் படி: ராகத்தைக் கேட்டுப் பிடிப்பது

ராகம் என்பது சுரப் பட்டியல் என்று நினைத்தால் சீக்கிரமே முட்டிக்கொள்வீர்கள். ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஏறுவதும் இறங்குவதும் ஒரே சுரங்களில்தான். கேட்டால் இரண்டும் வேறு வேறு ஆள். ஆரபி விறுவிறுவென்று நடக்கும், தேவகாந்தாரி நின்று அசைந்து வரும். அந்த அசைவுக்குப் பெயர் கமகம். ஒரு சுரத்தை எப்படிப் பிடிக்கிறோம், எங்கே நிற்கிறோம், எந்த வழியாகத் திரும்பி வருகிறோம் என்பதில்தான் ராகத்தின் முகம் இருக்கிறது.

பயிற்சிக்கு ஜோடி ஜோடியாகக் கேளுங்கள். மோகனமும் ஹம்சத்வனியும் ஐந்து ஐந்து சுரம்தான். மோகனத்தில் 'த' இருக்கிற இடத்துக்கு ஹம்சத்வனியில் 'நி', அவ்வளவே வித்தியாசம். அடுத்து சங்கராபரணமும் கல்யாணியும். இங்கே 'ம' மட்டும் மாறும். வாரத்துக்கு ஒரு ஜோடி போதும். ஒரே நாளில் பத்து ராகம் கேட்பது, பந்தியில் பத்து இனிப்பையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வது மாதிரி.

கோயிலுக்கு நேரம் பார்த்துப் போவதும் நல்ல பயிற்சி. சாமி புறப்பாட்டில் நாகசுரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். கம்பீர நாட்டை ராகம், பாட்டு வரி கிடையாது, தவில்தான் ராஜா. இரவு பள்ளியறைக்கு நீலாம்பரி. ஓதுவார் இருக்கிற கோயில் என்றால் தேவாரப் பண்ணைக் கேளுங்கள். திருநெல்வேலி மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தின் பண் சாதாரி. இன்றைய வழக்கில் அது பந்துவராளி. பெயர் தெரியாமலே நாற்பது வருடமாகக் கேட்ட ராகத்துக்குப் பெயர் தெரிந்த அன்றைக்கு, தெருவில் தினமும் பார்த்துச் சிரித்தவரின் பெயரைக் கடைசியில் கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

எட்டயபுரத்துக்கும் ஒரு நாள் போய்வாருங்கள். பாரதி பிறந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளி நாளில் மறைந்ததும் அங்கேதான். அவர் சமாதி அங்கே இருக்கிறது. திருவாரூரில் பிறந்தவர் இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் எட்டயபுரம் அரண்மனை. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே சமஸ்தான வித்துவான். அந்த வம்சத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் தொகுத்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சானது. இன்றும் ஒரு கீர்த்தனையில் சந்தேகம் வந்தால் வித்துவான்கள் புரட்டுகிற நூல் அது. நம் காந்திமதி அம்மன் மேல் தீட்சிதர் பாடிய கீர்த்தனையும் உண்டு, ஹேமவதி ராகத்தில். அதே மூச்சில் இன்னொன்று: பாபநாசம் சிவன் நம் பாபநாசத்துக்காரர் இல்லை, அது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம். கல்யாண வீட்டில் இதைச் சொல்லி ஒரு பெரியவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. நீங்கள் சொல்லும்போது இடம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: இப்போது கருவி

இங்கே வரும்போது உங்களுக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கருவிகளை நரம்பு, காற்று, தோல், கஞ்சம் என்று நான்காகப் பிரிப்பார்கள். தந்தி உள்ளவை, ஊதுபவை, தோல் போர்த்தியவை, உலோகத்தில் ஆன தாளம் போன்றவை. நான் எல்லாவற்றையும் ஒரே அளவில் சொல்லப் போவதில்லை. இந்த மண்ணுக்கு நெருக்கமானதை முதலில் சொல்கிறேன்.

நாகசுரம். நாதஸ்வரம் என்றும் சொல்கிறோம். ஆச்சா மரத்தில் கடைந்த குழல், அடியில் அணசு என்கிற விரிந்த வாய். வாசிக்க ஏழு துளை, அதற்குக் கீழே இன்னும் சில துளை. உயிர் இருக்கிற இடம் சீவாளி. நாணலை வேகவைத்து, பதப்படுத்தி, கட்டிச் செய்கிற சின்னப் பொருள். கட்டைவிரல் நீளம்கூட இராது. அண்ணாச்சி வாசிக்க உட்காரும்போது செய்கிற முதல் வேலையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நாகசுரத்திலிருந்து தொங்கும் கொத்தில் நான்கைந்து சீவாளி இருக்கும். ஒன்றை எடுத்து வாயில் போட்டு ஊறவைப்பார். கண்ணை மூடிக்கொண்டு உதட்டால் அமுக்கிப் பார்ப்பார். தனியாக ஊதினால் வாத்துக் குஞ்சு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பிடிக்கவில்லையென்றால் ஊசியை உள்ளே விட்டு வாயைக் கொஞ்சம் அகட்டுவார். அப்புறம் குழலின் தலையில் இருக்கிற கெண்டை என்னும் சின்ன உலோகக் குழாயில் செருகி 'ச' பிடிப்பார். மழை நாளில் ஒரு சீவாளி, பங்குனி வெயிலில் வேறொன்று. ஒரே துளையில் மூச்சையும் உதட்டையும் மாற்றி வேறு வேறு சுரம் கொண்டுவர முடியும் என்பதால் இதில் கமகம் குரல் மாதிரியே வரும். கற்கக் கடினமாக இருப்பதற்கும் காரணம் அதேதான்.

நாகசுரத்தில் குட்டையான, சுருதி ஏறிய திமிரியும், நீளமான, சுருதி தணிந்த பாரியும் உண்டு. பாரியைப் பரவலாக்கியவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. அவருடைய சீடர்தான் நம் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). காருகுறிச்சி, சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் இருக்கிற ஊர். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்தது ஆபேரி ராகம். குரல் எங்கே முடிகிறது, நாகசுரம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். காதுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தவில். பலாமரம். வலந்தலையில் (வலப்பக்கம்) விரல், தொப்பியில் (இடப்பக்கம்) கழி. விரலில் மாட்டுகிற கூடுகள் மாவுப் பசையையும் துணியையும் சுற்றி உலர வைத்துச் செய்தவை, கல் மாதிரி இருக்கும். வீட்டுக்குள் பழக முடியாது, அக்கம்பக்கத்தில் சண்டை வரும். ஆரம்பத்தில் பலகையில் அடித்துப் பழகுவார்கள்.

மிருதங்கம். நான் கடைசியில் வந்து சேர்ந்தது இதில்தான். இதுவும் பலா. வலந்தலை நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம், கிட்டக் கல் என்கிற கறுப்புக் கல்லின் பொடியையும் சோற்றையும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து அடுக்கடுக்காக ஏற்றியது. அதனால்தான் தோல் கருவியிலும் தெளிவான சுருதி கிடைக்கிறது. இடந்தலையில், வாசிக்கும் முன்பு ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்ப வேண்டும். தண்ணீர் கூடினால் நழுவும், குறைந்தால் உதிரும். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இளக்கமாக இருந்தால் சரி. முடிந்ததும் சுரண்டி எடுத்துத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கரப்பான் வந்து தோலைக் கடிக்கும். சுருதி சேர்க்க, விளிம்புப் பின்னலை மேலிருந்து கீழாகக் கல்லால் தட்டினால் ஏறும், கீழிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும். முதல் பாடம் நான்கே சொல்: த, தி, தொம், நம். மூன்று மாதம் அது மட்டும்தான். வாங்கும்போது உங்கள் சுருதி என்ன என்று கேட்பார்கள். தணிந்த சுருதிக்குப் பெரிய மிருதங்கம், உயர்ந்த சுருதிக்குச் சிறியது. அண்ணாச்சி முதல் நாள் கேட்ட கேள்வியின் பொருள் அந்தக் கடையில்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

வயலின். மேற்கிலிருந்து வந்தது. அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுகிறவர், மேலே சொன்ன அதே பாலுசுவாமி தீட்சிதர்தான். சென்னை அருகே மணலியில் இருந்தபோது ஐரோப்பியர் ஒருவரிடம் கற்றார். நாம் தரையில் உட்கார்ந்து, தலைப்பக்கத்தை வலது கணுக்காலில் சாய்த்து, தந்திகளை ச ப ச ப என்று சேர்த்துக்கொள்கிறோம். விரல் வைக்கும் இடத்தைக் காட்ட மெட்டு (குறுக்குப் பட்டை) கிடையாது, காது சொல்லும் இடம்தான் இடம். அதனால் காது தேறாமல் தொடாதீர்கள். விலை குறைந்ததை வாங்காதீர்கள் என்பதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வீணையில் இருபத்துநான்கு மெட்டு, மெழுகில் பதித்தவை. வாசிக்க நான்கு தந்தி, தாளத்துக்கு மூன்று. மெட்டு இருப்பதால் ஆரம்பத்தில் சுரம் சுலபமாகப் பேசும், கமகத்துக்குத் தந்தியை இழுக்கத் தொடங்கும்போது விரல் நுனி காய்த்துப் போகும். வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். புல்லாங்குழல் விலை குறைவு, பையில் போட்டுக்கொண்டு போகலாம், பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம். வாங்கும்போது கட்டை சொல்லிக் கேளுங்கள். கடம் என்கிற மண்பானைக் கருவிக்கு மானாமதுரை. கஞ்சிரா என்கிற சின்னக் கைப்பறைக்கு முன்பு உடும்புத் தோல் போடுவார்கள், வனவிலங்குச் சட்டம் வந்தபின் ஆட்டுத் தோல். பல்லில் பிடித்து வாசிக்கிற மோர்சிங் கற்க ஆசையென்றால் முன்பல் உறுதியாக இருக்க வேண்டும், வேறென்ன சொல்ல.

வாத்தியாரும் கச்சேரியும்

யூடியூப் பார்த்துத் தாளம் கற்கலாம், ராகம் கேட்கலாம். ஆனால் உங்கள் 'ரி' கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று அது சொல்லாது. வாரம் ஒரு முறையாவது ஓர் ஆளின் எதிரில் உட்காருங்கள். திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, தேவாரம், நாகசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று மூன்று வருடப் படிப்புகள் உண்டு. வயது வரம்பு உண்டு, நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். வயது தாண்டியவர்கள் கோயிலில் வாசிக்கிறவரிடமே போய்க் கேட்கலாம். பெரும்பாலும் 'விஜயதசமிக்கு வாங்க' என்பார்கள். அன்றைக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணையோடு போனால் போதும். சேரும் முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். மாணவர் தவறும்போது வாத்தியார் நிறுத்தித் திருத்துகிறாரா, தானும் சேர்ந்து சத்தமாகப் பாடித் தவறை மூடிவிடுகிறாரா என்று கவனியுங்கள். இரண்டாவது வகை என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கச்சேரிக்குப் போனால் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: வர்ணம், பிள்ளையார் மேல் ஒரு கீர்த்தனை, நடுவில் சில சின்ன உருப்படிகள், பிறகு அன்றைய பிரதான ராகம். அதில் வார்த்தை இல்லாமல் ராகத்தை விரிப்பது ஆலாபனை. ஒரு வரியையே எடுத்துப் பல விதமாகப் பாடுவது நிரவல். அங்கேயே சுரம் கட்டிப் பாடுவது கல்பனாசுரம். அதன்பின் மிருதங்கமும், கடம், கஞ்சிரா போன்ற மற்றத் தாளக் கருவிகளும் மட்டும் வாசிப்பது தனி ஆவர்த்தனம். அப்போது காப்பி குடிக்க எழுந்து போகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. நீங்கள் போகாதீர்கள், தாளம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். இந்தக் கச்சேரி முறையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்.

போன ஆனித் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு நெல்லையப்பர் கோயிலில் நின்றுகொண்டிருந்தேன். மல்லாரி தொடங்கியது. கூட்ட நெரிசலில் கையைத் தூக்க இடமில்லை, வேட்டி மடிப்புக்குள் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு ஆவர்த்தனம் சரியாக வந்தது. ஏழாவதில் தவில்காரர் ஒரு கோர்வை (கணக்குப் போட்டு எடுப்பில் வந்து முடியும் சொற்கட்டு) வைத்தார், எங்கே போனேன் என்றே தெரியவில்லை. அவர் எடுப்பில் வந்து விழுந்தபோது என் விரல் இன்னும் மோதிரவிரலில் நின்றுகொண்டிருந்தது. நாகசுரத்தை வாயிலிருந்து எடுக்காமலே அண்ணாச்சி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.